முன்கூட்டி அச்சான நன்றி

2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காற்று இல்லை. காலையில் தொடங்கிய மழை, பெய்கிறதென்றோ நின்றுவிட்டதென்றோ உறுதியாகச் சொல்ல இடம் தராமல், எங்கள் ஊரான வித்திகோட்டின் கூரைகளுக்கும் ஆப்பிள் தோப்புகளுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரக் குளிருக்குப் பின் அன்றுதான் மண் சற்று இளகியிருந்தது. தேரைகள் புறப்படும் மாலை அது என்பதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெரியல் செட்ஜாயின் சமையலறையில் ஊராட்சி மன்ற எழுத்தர் ரோசலிண்ட் ஹர்டிச் ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றினால் தேநீர் வரும். தேநீர் வந்தால், வந்த விஷயத்தைச் சொல்வதற்கு அரைமணி நேரம் ஆகும். மேசையின்மேல் ஒரு தாள் இருந்தது. தேரைகள் கடக்கும் வாரங்களில், குளத்துத் தடத்தை மாலை முதல் விடியும்வரை வண்டிகளுக்கு அடைத்துவைக்கக் கோரும் மனு. ஒப்பமிட வேண்டியவர்கள் எல்லோரும் இட்டாயிற்று. தடத்தின் இருபுறமும் நிலம் வைத்திருப்பவருக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த நிலம் மெரியலின் தம்பி டென்சில் கீர்லுடையது.

“நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாவட்ட அலுவலகத்துக்குப் போயாகணும், மெரியல். அதுக்கப்புறம்னா அடுத்த வருஷம்தான்.”

“அவன் போட்டுருவான்.”

“போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. நேத்து நானே போனேன். மாட்டுக்குப் பின்னாடி நின்னுகிட்டு முகத்தக்கூட காட்டல. மாடுதான் என்கிட்ட நல்லா பேசுச்சு.”

சன்னலோரத்தில் மெரியலின் கணவர் லெனார்ட், ஒரு காலை முன்னால் நீட்டியபடி, ரப்பர் காலணியோடு போராடிக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அருகில் இரண்டு வாளிகள்.

“அடைச்சாலும் போவேன், அடைக்காட்டியும் போவேன்,” என்றார் அவர், காலணியைப் பார்த்து.

“இடுப்புல இரும்பு வெச்சிருக்கு உனக்கு,” என்றார் மெரியல்.

“துருப்பிடிக்காத இரும்புன்னு டாக்டரே சொன்னாரே. மழைக்கு ஒண்ணும் ஆகாது.”

ரோசலிண்ட் சிரிக்கவில்லை. “இன்னிக்குக் கூட யாரு வர்றாங்க, லெனார்ட்?”

லெனார்ட் மறு காலணியை எடுத்தார். யாரும் வரவில்லை என்பதும், ஏன் வரவில்லை என்பதும், மூவருக்கும் தெரியும்.

மேட்டுக் காட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் தேரைகள், வசந்தத்தின் முதல் இளஞ்சூட்டில், தாம் பிறந்த ஆலைக் குளத்தை நோக்கி இறங்குகின்றன. நடுவில் குளத்துத் தடம் கிடக்கிறது. லெனார்ட் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அப்படியொரு மாலையில், நீச்சல் வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் தடத்திலேயே இறக்கிவிட்டு, தேரைகளை ஒவ்வொன்றாக அள்ளிக் கொண்டுபோய்க் குளக்கரையில் விடச் செய்தார். பெற்றோர்கள் புகார் எழுதினார்கள். அடுத்த வருடம் அதே பெற்றோர்கள் வாளியோடு வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒளிரும் மஞ்சள் சட்டை அணிந்து, டார்ச் விளக்கோடு தேரை சுமப்பது என்பது, தேவாலய மணி அடிப்பதைப் போல, யார் தொடங்கினார்கள் என்று கேட்கத் தோன்றாத காரியமாகிவிட்டது.

சென்ற மார்ச்சில் ஒரு மாலை, மஞ்சள் சட்டை கொல்லையில் ஈரமாகக் காய்ந்துகொண்டிருந்ததால், லெனார்ட் தம்முடைய கறுப்புக் கோட்டிலேயே போனார். தடத்தின் வளைவில் குனிந்திருந்தவரை ஒரு ஜீப் இடித்துத் தள்ளியது. போலீஸ்காரர் வந்து அளந்து பார்த்து, இருட்டு என்று எழுதிக்கொண்டு போனார். ஊரின் மாதச் செய்தித்தாளைத் தொகுப்பவர் மெரியல். நான்கு பக்கம், நான்காவதில் ‘பாதுகாப்பு’ என்று ஒரு பகுதி. ஏப்ரல் தாளின் அந்தப் பகுதியில் இப்படி எழுதியிருந்தார்: ‘குளத்துத் தடத்தில் ஒரு வாகனம் மோதியதில் திரு. லெனார்ட் செட்ஜாயின் இடுப்பெலும்பு முறிந்தது. அவர் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.’ அந்த ஒரு வாகனம் மெரியலுடைய தம்பியின் வாகனம் என்பது, தாள் வருவதற்கு முன்பே கடைசி வீடுவரைக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அப்படி எழுதியதை ஊர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டது. டென்சில் அதன் பிறகு அக்காவின் வீட்டுக்குள் வரவில்லை. வாரம் ஒருமுறை வாசற்கதவடியில் முட்டைகள் இருக்கும். ஜீப் திரும்பிப் போகும் ஓசை மட்டும் கேட்கும்.

இந்த வருடம் பிப்ரவரியில் மெரியல் தம்பியின் பண்ணைக் கேட்டருகே நின்று மனுவைப் பற்றிச் சொன்னார். அவர் “பாக்கலாம்” என்றார். கீர்ல் குடும்பத்தில் ‘பாக்கலாம்’ என்றால் சம்மதம் என்று பொருள்; மெரியலும் அந்தக் குடும்பம்தான். தாள் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கியிருந்தது. ‘மார்ச் முதல் வாரத்திலிருந்து மாலை வேளைகளில் குளத்துத் தடம் அடைக்கப்படும். பெருந்தன்மையுடன் இசைவளித்த திரு. டென்சில் கீர்லுக்கு ஊரின் நன்றி’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

எங்கள் ஊரில் நன்றி எப்போதும் காரியத்துக்கு முன்னால் போகும். கோடை விழாவுக்குக் கேக் செய்யப்போகிறவருக்கு, அவர் மாவை அளக்குமுன்பே தாளில் நன்றி வந்துவிடும். பிறகு அவர் செய்யாமலிருக்க முடியாது. இதை யாரும் தந்திரமாக நினைத்ததில்லை. யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை, டென்சிலைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை தாள் வீடுவீடாகப் போனது. தடத்தில் ஒரு தடுப்புக்கட்டைகூட வைக்கப்படவில்லை. என்றாலும் ஊரார் திங்கட்கிழமை மாலையிலிருந்தே தடத்தை விட்டு, கோயில் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். தாளில் வந்துவிட்டதே. பெரிய சாலையிலிருந்து குறுக்கு வழியாக வரும் வெளியூர்க்காரர்கள் தாளைப் படிப்பதில்லை. அவர்கள் வழக்கம்போல் விரைந்து போனார்கள். தடம் அடைத்தாயிற்று, இனிக் காவல் நிற்க ஆள் தேவையில்லை என்று தேரை சுமப்பவர்களும் வீட்டிலிருந்துவிட்டார்கள்.

“அந்த நன்றிய வாபஸ் வாங்கலாமான்னு மன்றத்துல பேசுனோம்,” என்றார் ரோசலிண்ட், எழுந்துகொண்டே. “முன்னுதாரணம் இல்ல. ‘திரு. கீர்லுக்கு நன்றி இல்லை’ன்னு போட்டா இன்னும் மோசமாப் படும்னு மன்ற உறுப்பினரா இருக்கற பல் டாக்டர் சொன்னாரு. அதுவும் சரிதான்.”

“நான் போய்ப் பேசுறேன்.”

“பேசுங்க. மாட்டுக்கு இந்தப் பக்கமா நின்னு பேசுங்க.”

மெரியல் போகும்போது கணவரிடம் தாம் வரும்வரை வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்றார். அடுப்பில் லீக் தண்டு சூப் இருந்தது. லெனார்ட் சூப்பைப் பற்றி மட்டும் சரி என்றார்.

கறவைக் கொட்டகையில் விளக்குகள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. இயந்திரம் இழுத்து விடும் ஒரே தாளம். அதற்கு மேலே பசுக்களின் மூச்சு வெண்புகையாக எழுந்து, உத்தரத்தடியில் தங்கி, மெல்லக் கலைந்தது. டென்சில், கறப்பவர் நிற்கும் நடுப் பள்ளத்தில் நின்று, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒரு மடியைத் துடைத்து, குழாய்களை மாட்டி, அடுத்த மடிக்கு நகர்ந்தார். கறக்கும் நேரத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள், பால் இறங்காது. எனவே அன்றைய சண்டை முழுதும் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலிலேயே நடந்தது.

“பாக்கலாம்னு சொன்ன.”

“பாத்துகிட்டுத்தான் இருக்கேன்.”

“லாரிதான் சிக்கல்னா அத வாய விட்டுச் சொல்லு.”

“ஆறு மணிக்குப் பால் லாரி வரும். தடத்த அடைச்சா அந்தப் பக்கம் பாலம் வழியா வரணும். பாலம் அந்த எடையத் தாங்காது. பால எங்க ஊத்துறது, உன் செய்தித்தாள் மேலயா?”

“அது மட்டுந்தானா?”

ஒரு பசு கால் மாற்றி நின்றது. டென்சில் அதன் தொடையில் உள்ளங்கையை வைத்து, அது அமைதியாகும்வரை காத்திருந்தார்.

“பெருந்தன்மைன்னு போட்டிருக்க.”

“அது வழக்கமாப் போடுற வார்த்தை.”

“ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல ஒவ்வொருத்தரா வந்து கையக் குலுக்குறாங்க. பல் டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘இத நீங்க செய்யறதுதான் பொருத்தம்’னாரு. சிரிச்சுகிட்டே.”

“நல்லெண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு.”

“எல்லாரும் நல்லெண்ணத்துலதான். போன வருஷம் நீயும் நல்லெண்ணத்துலதான் ஒரு வாகனம்னு எழுதுன.” துணியைப் பிழிந்தார். “லெனார்ட இடிச்சது என் ஜீப்பு. ஓட்டுனது நான். அன்னிக்கே பேரப் போட்டிருந்தா நாலு பேரு நல்லாத் திட்டியிருப்பாங்க. நானும் உன் வாசல்ல வந்து நின்னு மன்னிப்புக் கேட்டிருப்பேன். முடிஞ்சு போயிருக்கும். திட்ட வேண்டிய எடத்துல என் பேர மறைச்ச. நன்றி சொல்ற எடத்துல போட்ட. எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு நான் இதுல கையெழுத்துப் போடுறது, மெரி?”

“உன்னக் காப்பாத்தணும்னுதான்டா அப்படி எழுதுனேன்.”

“தெரியும். அதனாலதான் உன்னத் திட்டக்கூட முடியல.”

மெரியல் கொண்டுவந்திருந்த மனுத்தாளைக் கம்பளிக் கையுறையால் ஒருமுறை தடவினார். அதில் தடவ ஒன்றும் இருக்கவில்லை. “இன்னிக்கு அவர் தடத்துக்குப் போறாரு,” என்றார்.

“கூட யாரு?”

“ஒருத்தருமில்ல. நீ அடைச்சிட்டன்னு ஊரே வீட்டுல உக்காந்திருக்கு.”

டென்சிலின் கை நின்றது. “என்ன கோட்டு போட்டிருக்காரு?”

“அவர்கிட்ட வேற என்ன கோட்டு இருக்கு?”

டென்சில் துணியை மறுபடி நீரில் நனைத்தார். மெரியல் பால்தொட்டிக்கு மேலே சுவரிலிருந்த ஆணியில் தாளை மாட்டினார். பேனாவைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். வெளியே வந்தபோது மேட்டுக் காடு தெரியவில்லை. அங்கே மூடுபனி இறங்கிவிட்டிருந்தது.

வீட்டில் சூப் தொடப்படாமலிருந்தது. வாளிகள் இல்லை.

குளத்துத் தடத்தில் அந்த நேரத்து ஒளியை என்ன நிறமென்று சொல்வது கடினம். நீலம் போய்விட்டது, கறுப்பு இன்னும் வரவில்லை. இரு வேலிகளுக்கும் நடுவில் பனி, பால் ஊற்றிய தண்ணீர் போல, முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்தது. அதன் அடியில் ஈரத் தார் மின்னிற்று. மெரியல் வேகமாக நடக்கத்தான் நினைத்தார். ஆனால் காலடியில் தேரைகள் இருந்தன. முதலில் கண்ணுக்கு ஒன்று. அதைப் பார்த்ததும் பத்து. பிறகு தடமே மெல்ல அசைந்தது. தேரை தாவுவதில்லை, நடக்கிறது. ஒரு கையை வைத்து, யோசித்து, மறு கையை வைக்கிறது. சில பெண் தேரைகளின் முதுகில் சிறிய ஆண்கள் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு பயணம் செய்தன. எங்கிருந்தோ, தூரத்து நாய்க்குட்டி தூக்கத்தில் முனகுவது போன்ற ஓசை வந்துகொண்டிருந்தது. மெரியல் ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்து நடந்தார். ஓட வேண்டிய ஒருவர் கனவில் நடப்பதைப் போல அந்த நடை இருந்தது.

“லென்!”

பதில் வரவில்லை. வளைவுக்கு அப்பால் பனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ சுழன்றது. ஒளி வேலியைத் தொட்டு, மரங்களைத் தொட்டு, அவரைத் தொட்டு, மறுபடி வேலிக்குப் போனது. மெரியல் ஆம்புலன்சின் விளக்கு என்ன நிறம் என்று நினைவுபடுத்திக்கொள்ள முயன்றார்.

அது டிராக்டர். தடத்தின் குறுக்கே, இரண்டு வேலிகளையும் ஏறக்குறைய உரசிக்கொண்டு, ஒரு பூனையும் நுழைய இடமில்லாமல் நின்றது. உச்சியில் எச்சரிக்கை விளக்கு சுழன்றது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பால் லாரியின் முகப்பு விளக்குகள். லாரிக்காரர் க்ளின் வேல்ஸ்காரர். சன்னலை இறக்கி, முழங்கையை வெளியே போட்டு, ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில், ஊன்றுகோல் ஒரு கையில், வாளி மறு கையில், கறுப்புக் கோட்டில் லெனார்ட். டென்சில் மேலே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிட்டா பதில் சொல்றதில்லையா?” என்றார் மெரியல்.

“இவன் எஞ்சின் சத்தத்துல என்ன கேக்கும்?” லெனார்ட் அண்ணாந்தார். “என்னப்பா இது? எதுக்குக் குறுக்க நிறுத்தியிருக்க?”

“பழுது,” என்றார் டென்சில்.

“எஞ்சின் ஓடுதே.”

“அதான் பழுது. நிக்க மாட்டேங்குது.”

விபத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

“சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?” என்று லாரியிலிருந்து க்ளின் கேட்டார்.

“தேரையெல்லாம் போற வரைக்கும்.”

“அப்ப ஏப்ரல் ஆயிரும்.” க்ளின் இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தார். “எனக்கொண்ணும் அவசரமில்ல. பின்னாடி ஒரு கார்க்காரர்தான் ரொம்ப நேரமா ஹாரன் அடிச்சாரு. இப்ப எறங்கி, தொப்பிய வெச்சு ஒரு தேரைய அள்ளிகிட்டிருக்காரு.”

டென்சில் எஞ்சினை நிறுத்தினார். அமைதி மேட்டிலிருந்து இறங்கி வந்தது போலிருந்தது. அவர் இறங்கி, கால் வைக்குமிடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்து, லெனார்டுக்கு எதிரே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“நான் பாக்கல, லென்.”

“எத?”

“போன வருஷம். கண்ணாடியெல்லாம் தண்ணி. நீ குனிஞ்சிருந்த. கோட்டுதான் தெரிஞ்சுது. இல்ல, கோட்டும் தெரியல. சத்தந்தான் கேட்டுது. மன்னிச்சுக்க.”

லெனார்ட் வாளிக்குள் பார்த்தார். “ஒரு வருஷமா முட்டைய வெச்சுட்டு ஓடுனியே, அதுக்கா?”

“இல்ல. இடுப்புக்கு.”

“இடுப்புக்குச் சரி. முட்டைக்கு இன்னும் இல்ல. ஜீப்ப அந்த வேகத்துல திருப்புனா கல்லு தெறிக்காதா? பாதி ஒடஞ்சுதான் இருக்கும்.”

“சொல்லியிருக்கலாமே.”

“யாருகிட்ட? ஜீப்புப் புகைகிட்டயா?”

மெரியல் இருவருக்கும் நடுவில் குனிந்து, இன்னொரு வாளியை எடுத்துத் தேரைகளை அள்ளத் தொடங்கினார். ஏதாவது செய்யாவிட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது. அந்த மூவரில் யாருக்கும் அது பிடித்திருக்காது. ஈரமான, குளிர்ந்த, பழைய தோல்பை போன்ற உடம்புகள். கைக்குள் வந்ததும் அவை கால்களால் தள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு விதியை ஏற்றுக்கொண்டு அமர்ந்துவிடும்.

“மெரி,” என்றார் டென்சில். “அடுத்த மாசத் தாள்ல போடு. போன வருஷம் இடிச்சது டென்சில் கீர்ல்னு போடு.”

“ஒரு வருஷம் கழிச்சா? செய்தின்னு அத எப்படிப் போடுறது?”

“திருத்தம்னு போடு.”

மெரியல் யோசித்தார். தொகுப்பாளராகத்தான் யோசித்தார். “போடுறேன்.”

“அந்த நன்றிய எடுத்துரு.”

“அது முடியாது. அச்சாயிருச்சு.”

டென்சில் மூக்கால் சிரித்தார். பிறகு லெனார்டைப் பார்த்து, “நாளைக்கும் வருவியா?” என்று கேட்டார்.

“வருவேன்.”

“நாளன்னிக்கும்?”

“கடைசித் தேரை போற வரைக்கும்.”

“தெனம் தெனம் டிராக்டர் பழுதாகாது, லென். டீசல் என்ன வெல விக்குது!” லாரிப் பக்கம் திரும்பினார். “க்ளின், இந்தத் தடத்த அடைச்சுட்டா நீ எப்படி வருவ?”

“காலையில வருவேன். உன்னக் கடைசியா வெச்சிருக்கறதுக்குப் பதிலா மொதல்ல வெச்சுக்குவேன். மேனேஜர் கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். ராத்திரி சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னு நான் ரெண்டு வருஷமா நெனச்சுகிட்டுத்தான் இருக்கேன்.”

“ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

முதல் வண்டிக்குப் பால் தயாராக இருக்க வேண்டுமானால் விடியற்காலை மூன்றரை மணிக்கே கறவைக்கு எழுந்திருக்க வேண்டும். டென்சில் அதை மனத்துக்குள் ஒருமுறை வாழ்ந்து பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு கோட்டின் உட்பையிலிருந்து, நான்காக மடித்த தாளை வெளியே எடுத்தார். பால்தொட்டியின் ஈரம் ஒரு மூலையில் பட்டிருந்தது. அதை டிராக்டரின் சக்கரக் காப்பின்மேல் விரித்தார். மெரியல் ஒரு கையால் வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, மறு கையால் கோட்டுப் பையிலிருந்த டார்ச்சை எடுத்துப் பிடித்தார்.

“எந்தக் கட்டம்?”

“அந்த வெறும் கட்டம். ஒண்ணுதான் இருக்கு.”

மழையில் பேனா முதலில் எழுதவில்லை. அவர் அதைக் கழுத்துத் துண்டில் துடைத்து, மீண்டும் எழுதினார். கீர்ல்கள் கையெழுத்தை முழுதாக எழுதுகிறவர்கள். எழுத்து எழுத்தாக, வேலிக்கம்பு நடுவது போல, நிதானமாக நட்டு முடித்தார். தேதியையும் போட்டார்.

தாளை அக்காவிடம் நீட்டினார். ஒரு கையில் வாளியும் ஒரு கையில் டார்ச்சுமாக நின்ற மெரியல் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. இரண்டில் ஒன்றைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

நீட்டிய கை சற்று நேரம் மழையில் அப்படியே இருந்தது. பிறகு அது மெல்ல லெனார்டின் பக்கம் திரும்பிற்று.

லெனார்ட் வாளியைத் தரையில் வைத்தார். ஊன்றுகோலை டிராக்டர்ச் சக்கரத்தில் சாய்த்தார். பிடிமானமில்லாமல் நின்ற அந்தக் கணத்தில், டென்சிலின் இன்னொரு கை வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டது. லெனார்ட் ஈர விரல்களைக் கறுப்புக் கோட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டார்.